வேர்க்கடலைக் கிண்ணம்

மார்ச் 3

என் வாயாடிக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதிப் போடுங்கள் என்றாய். இதோ எழுதிவிட்டேன். நீ அக்கா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பெண்ணோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் அக்கா முன்னாலேயே சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வருவாயா? நான் லிஃப்ட் பழுது பார்க்கப் போகும் பணக்காரக் குடியிருப்பில் ஒரு மலேசிய உணவகம் இருக்கிறது. அந்தத் தெருவில் யாரும் ஹாரன்கூட அடிப்பதில்லை. நாயைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப் போகிறார்கள். கருவிப் பையோடு எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டியிருக்கிறேன். உன்னோடு ஒரு தடவை உள்ளே போக ஆசை.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 7

அன்புள்ள உங்களுக்கு,

வருகிறேன். பல் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியாயிற்று. “வெட்கமே இல்லையாடி உனக்கு?” என்கிறாள் அக்கா. இல்லைதான், என்ன செய்வது? நாய்க்கே வண்டி விடும் தெருவில் எனக்கு ஒரு நாற்காலியாவது இழுத்துப் போடுகிறீர்களா பார்ப்போம்.

உங்கள் வாயாடி

மார்ச் 12

என் வாயாடிக்கு,

ஏன் பாதியில் எழுந்து போனாய்? கை கழுவத்தான் போகிறாய் என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி இழுத்துப் போட்டேன். இருப்பதிலேயே பெரிய இறாலாகப் பார்த்து உன் தட்டில் வைத்தேன். உனக்கு ஆகாததைக் கிட்டே வரவிடாமல் தடுத்தேன். நீயும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாய். முகமெல்லாம் சிவந்திருந்தது. கல்யாணத்தன்று பார்த்த அதே வெட்கம். என் கண்ணே பட்டுவிட்டதா? என்ன தப்பு செய்தேன், சொல்லு.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

அது வெட்கம் இல்லை. இறால்.

எனக்குத்தான் இறால் ஆகாது. கல்யாணமான முதல் மாதம் உதடு வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரே நீங்கள்தான். மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், இன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று மூன்று துண்டை விழுங்கினேன். ஊசி போட்டுச் சரியாகிவிட்டது.

அப்புறம் வாட்டிய கோழியோடு வேர்க்கடலை அரைத்த குழம்பு ஒரு கிண்ணத்தில் வந்தது. பரிமாற வந்த உணவகத்து அம்மாவின் கையை மறித்தீர்கள். “ஐயோ, கடலைய எடுத்துட்டுப் போங்க! இவங்களுக்கு ஆகவே ஆகாது. ஒரு துளி பட்டாலும் மூச்சு முட்டும்!”

நான் தினமும் கை நிறையக் கடலை கொறிப்பவள். யாருக்கு மூச்சு முட்டும் என்று புரிந்ததும் எழுந்துவிட்டேன்.

அவளோடு முடிந்துவிட்டது என்பதை நம்புகிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. முடிந்த பிறகும் அவளுக்கு ஆகாததுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் குரல் நடுங்கியது. எனக்காக அந்தக் குரல் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தேன். அந்த முதல் மாதத்தில்தான்.

நான் பெட்டியோடுதான் வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு உங்களோடு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று வாசல் காவலாளியிடம் கொடுத்து வைத்திருந்தேன். திரும்ப வாங்கும்போது, “சாப்பாடு நல்லா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றேன்.

துணிகளை அக்காவின் அலமாரியில் அடுக்கிவிட்டேன். இனி எழுத வேண்டாம்.