திருவாடானையில் நான் சொன்ன வார்த்தை

அபிராமம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மாரிச்செல்விக்கு அய்யா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எடின்பரோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் பாதியிலேயே எனக்குத் துணிச்சல் போய்விடும். ஆகவே:

1. நம் பயணம்
2. நான் சொன்ன வார்த்தை
3. உன் அம்மா

முதலாவது, லீவில் வந்து என்னைக் காரில் உத்தரகோசமங்கை, திருவாடானை, தனுஷ்கோடி என்று கூட்டிப்போனாய், மகளுக்கு அய்யாவோடு இருக்க ஆசை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். நீ ஆராய்ச்சி செய்கிற அந்தப் பழைய காலத்து ஸ்காட்லாந்துக்காரர் வயதான நண்பரோடு தீவு தீவாகச் சுற்றி, அவர் பேச்சையெல்லாம் நாட்குறிப்பில் ஏற்றினாராமே, அதைப் போல நீயும் என் பேச்சுக்காகத்தான் கூட்டிப்போனாய் என்பது இணைய இதழில் உன் கட்டுரையைப் பார்த்த பிறகே விளங்கியது. அவராவது எழுதியதை நண்பருக்குப் படிக்கக் கொடுத்தார் என்று நீதானே சொன்னாய்? எனக்கு ஏன் காட்டவில்லை? இப்படிக் கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது, திருவாடானையில் காபி குடிக்கும்போது, "உங்கம்மா வீட்ல இல்லாத அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி" என்றேன். அது உண்மை. ஆனால் மகளிடம் சொன்னது, ஊருக்குச் சொன்னதல்ல.

மூன்றாவது, உன் மாமா கூத்தையா போனும் கையுமாக வந்து, "என்ன மச்சான், எங்கக்கா ஊருக்குப் போனா உங்களுக்குத் தீவாளியாம்ல?" என்று சிரித்துக்கொண்டே உன் கட்டுரையில் அந்த இடத்தை உரக்கப் படித்துவிட்டார். உன் அம்மா சிரிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னமே போயிருப்பேன்ல? எனக்கு மட்டும் தொண்டத்தண்ணி வத்தக் கத்த ஆசையாக்கும்?" என்று கேட்டுவிட்டு, தம்பி வண்டியிலேயே ஏறி அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, நீ கூப்பிட்டால் எடுப்பாள், பேசி வரவழை. கட்டுரையையும் எடுத்துவிடு.

மங்களேஸ்வரி அம்மன் உன்னைக் காப்பாள். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவள் போனதிலிருந்து புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் தாண்டவில்லை, பக்கத்து வீட்டுக் கேட் சத்தத்துக்கெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். இரண்டாவதில் உண்மை என்று எழுதியது தவறு. இதை நீ அவளிடம் சொல்லவும் வேண்டாம், எங்கும் எழுதவும் வேண்டாம். நாளைக் காலை பஸ்ஸில் போய் நானே சொல்லிப் பார்க்கிறேன்.

உன் அய்யா,
பூ. தர்மராஜ்