மூடாமல் விட்ட டிரம்

திருவண்ணாமலை
ஐப்பசி, கடைசி புதன்

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் வீரேந்திரனுக்கு அம்மா எழுதுவது. ஜினபகவான் காப்பில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. சௌம்யா தனக்கு வெறும் சளிக்காய்ச்சல் என்று போனில் சொன்னாளே, அது பொய். டெங்கு. ஐந்து நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிளேட்லெட் இருபத்தெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், கஞ்சி குடிக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பயப்படாதே. உன் பெண்டாட்டி பொய் சொன்னது நீ கலங்கக்கூடாது என்று மட்டுமல்ல, என்னைக் காப்பாற்றவும்தான்.

முன்பெல்லாம் நாலு வீட்டில் காய்ச்சல் கண்ட பிறகுதான் கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வரும். இந்த வருஷம் வழக்கத்தை மாற்றிவிட்டார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள், நர்சம்மா, பள்ளிக்கூடத்து டீச்சர், மகளிர் குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நோட்டை வைத்துக்கொண்டு, நோய் வருமுன்னே வாரா வாரம் வீடு வீடாகத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் தெருவுக்கு வந்தவள் ரேவதி, பச்சையம்மாளின் மகள். பச்சையம்மாளை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ ஏழாவது படிக்கையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, அந்தச் சித்திரையில் குழாயடியில் என் பித்தளைக் குடத்தை வரிசையிலிருந்து தூக்கி வைத்துவிட்டு, "வடிகட்டிக் குடிக்கிற நயினார் வூட்டம்மாவுக்கு ரெண்டாவது குடம் எதுக்குடி"ன்னு பதினோரு பேர் எதிரில் நம் ஜைன வழக்கத்தையே கேலி பண்ணிச் சிரித்தவள். அன்றிலிருந்துதான் பின்கட்டில் டிரம் நிறைய மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன்.

ரேவதி டார்ச் அடித்து டிரம்மில் புழு நெளிவதைப் பார்த்தாள், மருந்து ஊற்ற வந்தாள். "நாங்க ஜைனருங்க, எந்த ஜீவனையும் கொல்ல மாட்டோம், கைய எடு"ன்னு தடுத்தேன். அவள் கோபப்படவில்லை. "சரி ஆயா, மருந்து வேணாம். தண்ணி வடிகட்ற துணிய டிரம்மு வாய்ல இறுக்கிக் கட்டிடுங்க. கொசு உள்ள போவாது, புழு பொறக்காது, கொல்ற வேலையே இல்ல"ன்னு சொன்னாள். அவள் சொன்னதுதான் நம் தர்மம், அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அது பச்சையம்மாள் பெற்ற பெண்ணின் வாயிலிருந்து வந்ததே. "உங்கம்மாவுக்குப் போய்ப் பாடம் சொல்லு"ன்னு கதவைச் சாத்தினேன். மூன்று வாரம் வந்தாள், மூன்று வாரமும் சாத்தினேன். துணி கொடியிலேயே தொங்கியது. சாமி பேரைச் சொல்லி என் வன்மத்தை மறைத்துக்கொண்டேன் கண்ணு.

சௌம்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வீட்டுக்கு வந்து டிரம்மைக் கவிழ்த்தேன். சிமெண்டுத் தரையில் அத்தனையும் துடித்து அடங்கின, நான் காப்பாற்றுவதாகச் சொன்ன ஜீவன்கள். அதற்குள் எதிர்வீட்டு சரோஜா வீட்டிலும் இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

தீபத்துக்கு ஜனம் கூடுமுன் தெருவைச் சரி பண்ண வேண்டும் என்று போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எந்த வீட்டில் புழு இருந்தது என்று கேட்டதற்கு ரேவதி, "பேரு எதுக்குங்க, எல்லாரும் மூடி வெச்சா போதும்"னு சொன்னாள், என் பக்கம் திரும்பவேயில்லை. உடனே யாரோ, "மாட்டுத்தொட்டி வெச்சிக்கினு இருக்கிறது சரோஜாதானே"ன்னு கிளப்பிவிட, அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அவள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். எழுந்து, என் வீட்டு டிரம்தான் என்று சொல்லப்போகிறேன். ஊரார் வாயால் நீ கேட்கக்கூடாது என்றுதான் இதை எழுதி, பள்ளிக்கூடத்து டீச்சரைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பச்சையம்மாளை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே, அது வேறு கணக்கு.

சௌம்யாவைக் கோபிக்காதே. நம் வழக்கப்படி இருட்டுமுன் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு, உன் குலம் தழைக்கட்டும். ஒன்று மட்டும் மறவாதே, வெள்ளிக்கிழமை வரை எனக்குப் போன் பண்ணாதே. நீ "பரவாயில்லம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்று நான் எழுந்திருக்க மாட்டேன்.

தலைகுனிந்து எழுதும்
உன் அம்மா
கனகமாலா