தங்கச்சி எண்ண, நான் அமுக்கினேன்

பூண்டுலோயா,
18.07.2025

அன்பு மகன் கிஷாந்துக்கு,

அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் தங்கச்சியும் சுகம், உன் அப்பாவும் சுகம், சோற்றில் உப்பில்லை என்று என்னோடு சண்டை பிடிக்கும் அளவுக்குச் சுகம். நீ அந்த டோஹா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று கிழமையாக அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று கேட்கிறாய், நானும் தேயிலை ஸ்டோரில் வேலை கூட, தடிமன், போனில் சார்ஜ் இல்லை என்று தெரிந்த பொய்யெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், இனிப் புதுப் பொய்க்கு எங்கே போவது. போனில் உண்மையைச் சொன்னால் நான் அழுவேன், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் வினோதாவின் புருஷன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து வாசி. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், வாசிக்கும்போது அதை மறந்துவிடாதே.

இந்த வருஷம் நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சிவதர்சினி என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறார். வந்தவர் சும்மா இருக்காமல், மூச்சு நின்று விழுந்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்று தங்கச்சி படிக்கிற ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உரப் பையில் பழந்துணி அடைத்து, நடுவில் வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வைத்துத் தைத்த பொம்மை, நெஞ்சை அமுக்கினால் போத்தல் டக் என்று நெளிய வேண்டுமாம். அதற்கு உடுத்தத் தங்கச்சி அப்பாவின் பச்சைச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். உன் அப்பா எப்படிப்பட்ட கல்விமான் என்று உனக்குத் தெரியுந்தானே, ஏழாம் வகுப்போடு நின்றவர், பள்ளிக்கூடத்துக்கே போய், புலமைப்பரிசில் பேப்பரில் நெஞ்சை அமுக்குகிற கேள்வி வருமா என்று டீச்சரிடம் கேட்டார். லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கி இருபத்தாறு பேரிடம் கையெழுத்து வாங்கி, பரீட்சை முடியும்வரை இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லி அதிபரிடம் மனுக் கொடுத்தார். நம்ம லயத்துக் கூரை ஒழுகுவதற்கு ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க என்று பத்து வருஷமாகக் கேட்கிறேன், அதற்கு மட்டும் அவருக்குக் கால் வலி. அதிபரும் நல்ல மனுஷன், யார் எதை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார், நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் பிள்ளைகள் ஆறு பாடம் படித்து முடித்திருந்தார்கள்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அப்பா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைத் தடவினார், கோப்பை விழுந்தது, அவரும் விழுந்தார். நான் போட்ட சத்தத்தில் லயமே வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார், ஒருத்தி விபூதி பூசினாள், பக்கத்துக் காம்பரா செல்லசாமி மாமா வலிப்பென்று நினைத்து அப்பா கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடி ஓடினார், நான் என் பங்குக்குக் காலைத் தேய்த்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். தங்கச்சிதான் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, அப்பாவின் தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள், மூக்கருகே காதை வைத்துப் பார்த்தாள். செல்லசாமி மாமாவின் போனில் ஆம்புலன்ஸுக்கு 1990 அடிக்கச் சொல்லி, தோட்டத்துப் பெயர், லயத்து நம்பர், கோவில் வளைவு எல்லாம் சிங்களத்தில் ஒப்பித்தாள், டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு முட்டி போட்டு அமுக்கத் தொடங்கினாள். பத்து வயதுப் பிள்ளை, இருபத்தாறு கிலோ, அப்பாவின் நெஞ்சு அசையவே இல்லை. உடனே என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்து, அந்த டீச்சரின் பேச்சிலேயே சொன்னாள்,

"அம்மா, என்ர பாரம் காணாது. நீங்கள் அமத்துங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

அமுக்கினேன் மகன். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை, அன்றைக்குத்தான் அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது. கணக்கில் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்து அப்பாவிடம் ஏச்சு வாங்கியவள், முப்பது முப்பதாக, ஒரு எண் தப்பாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள். நான் களைத்ததும் செல்லசாமி மாமாவை மாற்றிவிட்டாள், அவர் களைத்ததும் மறுபடி நான். உள்ளே ஏதோ முறிந்தது, நான் கையை எடுத்துவிட்டேன், பரவாயில்லை அமத்துங்கோ என்று அதட்டினாள். நம்ம ராஜபாட்டை உனக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் கோவில் வளைவுக்கு மேல் ஏறவில்லை, அதில் வந்த பையன்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடி வந்தார்கள். இரண்டு தரம் கரண்ட் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் நாடி வந்தது. கம்பளியில் போட்டுக் கீழே தூக்கிப் போனோம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து, யார் அமுக்கினது என்று கேட்டார். விலா எலும்பு இரண்டை உடைத்ததற்கு ஏசப் போகிறார் என்று நான் பின்னால் ஒளிந்தேன், அவர் கும்பிடாத குறையாகப் பேசினார். உன் அப்பா கண் விழித்து மூன்றாம் நாள், நெஞ்சு வலிக்குது, யாரோ என்னை அடிச்சிருக்காங்க என்று நர்ஸிடம் முறைப்பாடு செய்தார். வீட்டுக்கு வந்தபின் தோட்டத்துத் துரை வந்து தங்கச்சியை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, ரோட்டைப் பற்றி மூச்சு விடாமல் போய்விட்டார். கையெழுத்துப் போட்ட இருபத்தாறு பேரும் இப்போது, வகுப்பு எப்போது தொடங்கும், பெரியவர்களும் வரலாமா என்று டீச்சரைத் துளைக்கிறார்கள். அப்பா மட்டும் டீச்சர் பார்க்க வந்தபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், குளிராம்.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டு எழுதிவிடுவேன். ஆனால் தங்கச்சி சிரிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள், அதற்கும் சிரிக்கவில்லை. முந்தாநாள் நான் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பாராமல் மெதுவாகச் சொன்னாள்,

"அப்பா செத்துட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. மூச்சு இல்லாதவங்களத்தான் அமுக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க அமுக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

அவள் எண்ணிய ஒவ்வொரு முப்பதையும் அதைத் தெரிந்துகொண்டே எண்ணியிருக்கிறாள்.

அதனால் நீ அவளோடு பேசு. கெட்டிக்காரி, வீராங்கனை என்று மட்டும் சொல்லாதே, அதை ஊரே சொல்லிவிட்டது. அவள் அழுதால் அழாதே என்றும் சொல்லாதே, நாங்கள் எல்லோரும் அன்றைக்கே அழுது முடித்துவிட்டோம், அவளுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

உன் அறையில் எட்டுப் பேர் படுக்கிறீர்கள், ஒருவருக்காவது இப்படி அமுக்கத் தெரியுமா என்று கேட்டுப் பார், தெரியாவிட்டால் படித்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் தொப்பி போடு, தண்ணீர் குடி. நீ நீண்ட ஆயுசோடு நல்லாயிருக்க அந்த மாரியம்மாவைக் கும்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு இங்கே இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள், அந்த நேரம் போன் எடு.

உன் அம்மா,
க. மீனம்மா