தரை மேடுபள்ளம் என்றாய்

மச்சான்,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உளி பிடித்துக் காய்த்த விரல் பேனாவுக்கு வளைய மறுக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. தாளில் பலாமரத் தூள் வாசம் அடிக்கும். உன் வீட்டில் தங்கச்சிக்கு நீ செய்துகொடுத்த நாற்காலியை இன்று காலை பிரித்தேன், அந்தத் தூள்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஆலங்குடி பஸ்ஸின் பெயர்ப்பலகையை நானே வாசித்து ஏறிய அன்று சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தச் சந்தோஷம்தான் உன் மேல் கோபமாய் முடிந்தது.

நாம் ஆசாரிகள் இல்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிய நேரம் போக, உன் கொட்டகையில் ஸ்டூலும் முக்காலியும் செய்து பார்த்தவர்கள். நீ இழைத்தால் நான் செல்போனில் வீடியோ பிடிப்பேன். நான் உளி எடுத்தால் நீ பிடிப்பாய். "மாப்ள, மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாரி வைடா. எழவு வீடா இது?" என்பாய். வீடியோ போட்ட மறுநாள் கமெண்டுகளை நீ வாசிக்க நான் கேட்பேன். எல்லாம் புகழ்ச்சி. "மரம் தங்கமா மின்னுதுங்கிறான் மாப்ள, கறம்பக்குடிக்காரன் ஒருத்தன்." அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தித் திரிவேன்.

போன வாரம் தங்கச்சியிடம் உன் செல்போனை வாங்கி, எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். கறம்பக்குடிக்காரன் எழுதியிருந்தது இதுதான்: "ஐயா, பலகை இன்னும் பச்சையாக இருக்கிறது. காய்ந்தால் கால் சுருங்கி ஆடும். நிழலில் அடுக்கிக் காயவிட்டுச் செய்யுங்கள்." இதில் தங்கம் எங்கே இருக்கிறது? அடுத்த வீடியோவிலும் அதையே எழுதியிருக்கிறான். கீழே உன் பதில்: "தம்பி, உங்க வேலையப் பாருங்க."

நாம் கொடுத்த ஸ்டூல்கள் எல்லாம் ஆடியபோது என்ன சொன்னாய்? "ஸ்டூல் நல்லாத்தான் இருக்கு மாப்ள. தரைதான் மேடுபள்ளம்." டீக்கடைத் தரையைத் திட்டினாய். என் மகள் வீட்டுத் தரையைத் திட்டினாய். அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகினாய். உன் பேச்சைக் கேட்டு நான் அந்தத் தரை போட்ட கொத்தனாரிடம் சண்டைக்கே போனேன். எல்லாம் தெரிந்தே பக்கத்தில் நின்றாயே!

படிக்கத் தெரியாதவனுக்கு நல்லதை மட்டும் வாசிப்பதுதான் அன்பு என்று நினைத்தாயா? வாரம் ஒரு வீடியோ போடும் அவசரம் உனக்கு. என்னிடம் சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்.

முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத உன் மனைவிக்கும் பச்சைப் பலகையில்தான் நாற்காலி செய்திருக்கிறாய். முந்தாநாள் அது சாய்ந்து, தங்கச்சி சுவரைப் பிடித்துத் தப்பியது. பிரித்து மாட்டுகிறேன் என்றேன்.

"வேணாண்ணே. அவுக கையால செஞ்சது. தரைதான் சரியில்லன்னு அவுகளே சொன்னாக."

சொல்லிவிட்டு, நாற்காலிக் காலுக்கடியில் நீ செருகிய அட்டையை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கமெண்டை வாசித்துக் காட்டினேன். உன் பதிலையும்தான். தங்கச்சி அட்டையை என் கையில் கொடுத்தது.

"என் கொழம்புல உப்பு கூடுனா மட்டும் ஊருக்கே சொல்லுவாக," என்றது. "பிரிங்கண்ணே. வீடியோவும் எடுப்போம். எல்லாரும் பாக்கட்டும்."

இன்று தங்கச்சிதான் செல்போனைப் பிடித்தது. நீ கண்ணை மூடியபின் கொட்டகையில் கிடந்த பலகைகள் தானாகவே காய்ந்துவிட்டன. நீ இருந்தவரை ஒன்றையும் காயவிட்டதில்லை. அதற்கு நீ கண்டுபிடித்த வழி இதுதானா? சுருங்கிய கால்களைக் கழற்றிவிட்டு, காய்ந்த பலகையில் புதுக் கால்கள் இழைத்து இறுக்கமாகச் செருகினேன். முதுகுப் பலகையைத் தொடவில்லை. அதில் உன் உளி வழுக்கிய கோடு இருக்கிறது; இருக்கட்டும்.

தங்கச்சி உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தது. நாற்காலி அசையவில்லை.

கறம்பக்குடிக்காரனுக்கு நானே எழுதினேன்: "தம்பி, நீங்க சொன்னது சரி." இவ்வளவு சின்ன வரிதான். படித்த உனக்கு இதை எழுதக் கை வரவில்லையே!

உன் வீட்டுத் தரை சமமாகத்தான் இருக்கிறது, மச்சான். நீ மடித்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே. அடுத்த வாரம் டீக்கடை ஸ்டூலைப் பிரிக்கிறேன். அன்றும் எழுதுவேன். உன்னைத் திட்ட இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.