ராமையா அண்ணன் ஏன் ‘ஆமாங்கய்யா’ என்றார்?

மாப்ளே,

உங்கள் ஜெபவீட்டின் குழாய் ஸ்பீக்கரை நேற்றுக் கழற்றிவிட்டார்கள். சில்வர் ஓக் மரத்தில் உயரக் கட்டியிருந்தார்களே, அதேதான். இப்போது உள்ளே கறுப்புப் பெட்டியாக இரண்டு வந்திருக்கின்றன. வெளியே சத்தம் வராதாம். பழைய குழாயை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு குருவிக்கூடு. என் டீக்கடைக்குப் பால் வாங்கப் போன நான் தூக்குப் போசியோடு அங்கேயே நின்றுவிட்டேன். என் மானம் ஊருக்குள் போன வழியல்லவா அது!

நீ இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபித்துக்கொள்வது எப்போதும் என் வேலைதான். பழைய கதையைத்தான் மறுபடி சொல்லப்போகிறேன். பெரும்பகுதி உனக்குத் தெரிந்தது. ஆனால் கடைசியில் ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எஸ்டேட் ஃபேக்டரியில் நாம் இருவரும் தற்காலிக ஆட்களாக ட்ரையரில் நின்ற காலம் அது. அரைத்துப் புளிக்கவைத்த இலையை ட்ரையருக்குள் விட்டு, சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. பின்பக்கம் அடுப்பு. அதற்கு விறகு போடுகிறவர் ராமையா அண்ணன். சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். குன்னூர்க் குளிரில் அந்த அடுப்படிதான் ஃபேக்டரியிலேயே சுகமான இடம். கை காயவைக்க நாம் போனால் மனிதர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விடுவார்.

ஒருநாள் முற்பகல் நீ மூச்சிரைக்க ஓடிவந்தாய். “மாப்ளே, கீழ வளைவுல ஷூட்டிங்! கதாநாயகி வந்திருக்குதாம்! பத்தே நிமிசம், பாத்துப்போட்டு வந்தரலாம்.” உன்னைவிட முன்னால் ஓடியவன் நான்தான். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிட்டது. அந்த அம்மணி குடைக்கடியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றதைத் தவிர ஒரு மண்ணும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் ஃபேக்டரி முழுக்கப் புகை. காலையிலிருந்து காய்ந்த தூள் அத்தனையும் கரிந்து கிடக்கிறது. நடுவில் ஃபேக்டரிக்கே பொறுப்பான டீ மேக்கர் நிற்கிறார்.

“ட்ரையர்ல நின்னது யாரு?” என்று அவர் கத்தினார். நான் வாயைத் திறந்தேன். “நாங்க இங்கயேதானுங்க இருந்தோம். ராமையாண்ணன் வெறகை ஜாஸ்தியாப் போட்டுட்டாருங்க.” நீ தலையாட்டினாய்.

டீ மேக்கர் அவர் பக்கம் திரும்பினார். “அப்படியா ராமையா?”

அவர் நம் இருவரையும் ஒருமுறை பார்த்தார். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஆமாங்கய்யா” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? அன்று வீட்டுக்கு நடக்கும்போது அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். பயந்துவிட்டார் என்றாய் நீ. காது சரியாகக் கேட்டிருக்காது என்றேன் நான். மறுவாரமே அவரை அடுப்பிலிருந்து எடுத்துத் தோட்டத்து வேலைக்குப் போட்டார்கள். கவாத்து வெட்ட ஒரு காலம், மருந்தடிக்க ஒரு காலம். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு சாரல் மழையில் அவர் ஏறிப்போவதை ஃபேக்டரி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். அந்த வருடமே நம்மை நிரந்தரமாக்கினார்கள். வழியில் பார்த்தால் அவர் எப்போதும்போல் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

பிறகு எத்தனையோ வருடம். வேலையை விட்டுவிட்டு நான் டீக்கடை போட்டேன். நீ அதுவரை பேருக்குத்தான் கிறிஸ்தவன். கிறிஸ்துமஸ் கேக்குக்கும் புதுச்சட்டைக்கும் மட்டும் இயேசுவை நினைப்பவன் என்று நானே உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். கேத்தியில் மூன்று நாள் நடந்த சுவிசேஷக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஆளே மாறிப்போனாய். பீடி போயிற்று. கெட்ட வார்த்தை இல்லாமல் பேசத் தெரியாமல் நீ பாதி வாக்கியத்தில் திண்டாடியதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத் தாங்காது.

“ஏப்பா, அங்க என்னதான் பண்ணுனாங்க உன்னைய?” என்று கேட்டேன்.

“இரட்சிக்கப்பட்டுட்டேன் மாப்ளே.”

“எதுலருந்து?”

“என்கிட்ட இருந்துதான்.”

சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று பூராவும் டீ ஆற்றும்போதெல்லாம் அந்தப் பதில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் தன்னிடமிருந்தே எப்படித் தப்ப முடியும்?

அடுத்த ஞாயிறுதான் அந்தக் கூத்து. உங்கள் ஜெபவீட்டில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம். முன்னால் எப்படி இருந்தேன், கர்த்தர் எப்படி மீட்டார் என்று எழுந்து நின்று மைக்கில் சொல்ல வேண்டும். அது எனக்கும் தெரியும், ஞாயிறு தவறாமல் குழாய் வழியாகக் கடைக்கு வருமே. அன்று உன் குரல் வந்தது. “நானும் என் சிநேகிதன் நடராஜும் ஃபேக்டரியில ஒரு பாவம் செஞ்சோம். நடராஜு பொய் சொன்னான், நான் தலையாட்டுனேன்.” ஷூட்டிங், ஆப்பிள், ராமையா அண்ணன், ஒன்று விடவில்லை நீ. சர்க்கரை வாங்க வந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நடராஜுன்னா அது நீங்களுங்களா?” என்றார். அடப்பாவி! உன் பாவத்தைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, என் பாவத்தைச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மத்தியானம் நீ கடைக்கு வந்தாய். முகம் வெளுத்திருந்தது. “பேச்சு வேகத்துல உன் பேரையும் சேத்துச் சொல்லிப்போட்டேன். தப்புத்தான் மாப்ளே. மன்னிச்சுரு.”

“உங்க கர்த்தர்தான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டாரே, அப்பறம் நான் எதுக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

“அவரு மன்னிச்சதாலதான் உன்கிட்ட வர்றதுக்குத் தைரியம் வந்துச்சு. ராமையாண்ணன்கிட்டயும் போகப்போறேன். நீயும் வா.”

நான் வரவில்லை. நீ தனியாகப் போய்விட்டு, அழுத கண்ணோடு திரும்பி வந்து, “அவரு கோவமே படலப்பா. தேத்தண்ணி குடுத்து, அதெல்லாம் விடுங்கன்னுட்டாரு” என்று குழப்பத்தோடு சொன்னாய். இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. நீயும் ஞாயிறு தவறாமல் வந்து, நான் கொடுக்காத டீக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கடைசியில் என் பிடிவாதம்தான் சலித்துப்போனது. டம்ளரைக் கொண்டுவந்து உன் முன்னால் நங்கென்று வைத்தேன். ஆனால் நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைக்கவில்லை.

அதற்கப்புறம் பேசாத பேச்சா! உன் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உன்னை ஒரு வழி பண்ணினேன். ஒருமுறை நீ மாட்டிக்கொண்டாய், நினைவிருக்கிறதா?

“நாம செஞ்ச தப்புக்கு இன்னொருத்தரு தண்டனை வாங்கறது என்னப்பா நியாயம்?”

“ராமையாண்ணன் வாங்குனாரில்ல?”

“அவரு ஏமாந்த மனுசன்.”

“அதான் மாப்ளே வித்தியாசம். இயேசு ஏமாறல. தெரிஞ்சேதான் நமக்காகச் சிலுவைக்குப் போனாரு.”

“தெரிஞ்சுக்கிட்டே எவனாச்சும் வாங்குவானா? ஊருக்குள்ள ஒரு ஆளைக் காட்டு, நான் நம்பறேன்.”

நீ டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தாய். “எனக்குத் தெரிஞ்சு இயேசு ஒருத்தருதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். ஜெயித்த சந்தோஷத்தில் நான் இன்னொரு டீ போட்டுக் குடித்தேன்.

போன ஆடி மழையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் கால் வழுக்கியபோதுகூட உன்னைத்தான் திட்டினேன். ராமையா அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். அன்றும் அவர் கண்ணில் படாமல் நழுவிவிட்டேன்.

நேற்று அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு நின்றபோது என்ன தோன்றியதோ, பாலைக் கடையில் இறக்கிவைத்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நம் கடையிலிருந்து ஒரு ஏற்றம்தான். அவர் அடுப்பருகே மணை போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே இருமல் வந்து வந்து நிறுத்தியது.

“வாங்க தம்பி, இருங்க” என்றார், நேற்றுத்தான் பார்த்தவர்போல.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. “அண்ணா, அன்னிக்கு நீங்க எதுக்கு ஆமாங்கய்யான்னு சொன்னீங்க?”

அவர் சிரித்தார். “நீங்க ரெண்டு பொடியன்களும் பின்கேட்டு வழியா ஓடுனதை நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“பாத்தீங்களா? அப்பறம் ஏன்?”

“நான் பேர் பதிஞ்ச ஆள். என்னைய வேலையை விட்டு அனுப்ப ஏலாது, இடத்தைத்தான் மாத்துவாங்க. நீங்க தற்காலிகம். உள்ளதைச் சொன்னா அன்னைக்கே கேட்டுக்கு வெளியதான். உங்க கூட்டாளிக்கு அப்ப சம்சாரம் மாசமா வேற இருந்தாங்க.”

“அவன் உங்ககிட்ட வந்து அழுதானே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா இன்னும்ல அழுவாரு. போதும்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் கேட்டேன், மாப்ளே. இந்த வயதில், “பொய் சொன்ன வாய் என்னோடதுதாண்ணா. மன்னிச்சுருங்க” என்றேன்.

“அது அன்னைக்கே முடிஞ்சிருச்சு தம்பி. நீங்கதான் வரல.”

இதுதான் உனக்குத் தெரியாமல் போனது. நான் கேட்ட ஆள் ஒரு ஏற்றத்துக்கு மேலேயே இருந்திருக்கிறார், இருவரும் காணாமல் வாதாடியிருக்கிறோம். இதைக் கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்? ராமையா அண்ணன் நம் இருவருக்காக வாங்கிய மனிதர், இயேசு உலகத்துக்கே வாங்கிய கர்த்தர், இரண்டையும் ஒன்றாக்காதே என்று என்னிடம் மல்லுக்கு நின்றிருப்பாயா? அல்லது அழுதிருப்பாயா? ஒரு ஆளைக் காட்டினால் நம்புகிறேன் என்றவன் நான். நம்பிக்கை என்பது எப்படி வரும், எங்கே தொடங்கும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அப்படி ஒருவர் இருக்கவே முடியாது என்று இனி என்னால் சிரிக்க முடியாது. உங்கள் ஆட்களில் யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதைவிட என்னை இப்போது தூங்கவிடாத சங்கதி வேறு. ராமையா அண்ணன் நாம் கேட்காமலே மன்னிப்பைக் கொடுத்துவிட்டார். நீ என் பெஞ்சில் இரண்டு மாதம் காத்திருந்து கேட்டும் நான் கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்று உனக்குச் சொல்வதா, மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்பதா, தெரியவில்லை மாப்ளே. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நடராஜு