தரையோரம் மாட்டிய கடல்

தம்பிக்கு,

உன் மகள் மெரேலிட்டாவை என்னிடம் விடாமல் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, ஃபிஜியை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நேற்று சுவாவில் காப்பகப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன்.

படங்களெல்லாம் தரையோரமாக மாட்டப்பட்டிருந்தன. ஊரே பாயில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நின்றேன். "எந்த மடையன் இப்படி மாட்டினான்?"

"உக்காருங்க பெரியப்பா. நின்னா ஒண்ணும் தெரியாது."

புயலில் கடல் தாயைக் கொண்டுபோனதிலிருந்து வாயே திறக்காத உன் மகள்தான் பேசினாள்!

உட்கார்ந்தேன். அவள் படத்தில், கடலுக்கு அடியிலிருந்து பார்த்த நீலம். வெளிச்சத்தை நோக்கி ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள். அவள் அம்மா கடைசியாகப் பார்த்ததையல்லவா வரைந்திருக்கிறாள்!

"வீட்டுக்கு வர்றியா?"

"அப்பா வந்து உக்காந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இதக் கழட்ட விடமாட்டேன்."

வந்து உட்காரடா.

உன் அண்ணன்