இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

வெள்ளிக்கிழமை
கடையிலிருந்து

அன்புள்ள ராங்கிக்கு,

இங்கே நானும் வாண்டுவும் நலம். உன் நலத்தை உன் கடிதம் சொல்லும் என்று பிரித்தால், அது உங்கள் சாருடைய நலத்தைத்தான் அதிகம் சொல்கிறது. சார் சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துகிறார், சார் காபி குடிப்பதில்லை, சாருக்கு ஜலதோஷம். அவருக்கு இப்போது குணமாகிவிட்டதா?

வாண்டுவுக்குக் கணக்கில் எண்பத்தாறு. குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றிவிட்டேன். பள்ளி விடுமுறை வருவதால் கடையில் சக்கரம் போன பெட்டிகளும் ஜிப் போன பைகளும் கூரையைத் தொடுகின்றன. ஒருவர் எண் பூட்டின் எண்ணை மறந்துவிட்டு வந்தார். மூன்று சக்கரம், ஆயிரம் எண். அரை மணி நேரத்தில் திறந்து கொடுத்தேன்.

நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பூட்டிவைக்கக் கற்றுக்கொண்டு வா என்று மருத்துவமனையில் உன்னை ஒரு வருடத்துக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் விருப்பம். நான் தடுப்பவன் இல்லை.

ஒரு செய்தி. உன் பாடத்தை நானும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மறைகுறியீட்டியல், எழுத்துக்குப் பூட்டுப் போடும் படிப்பு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. நூலகத்தில் ‘கணக்குத் தெரியாதவர்களுக்கு’ என்று அட்டையிலேயே போட்ட புத்தகம் கிடைத்தது. எனக்கென்றே அச்சடித்தது போல இருந்ததால் எடுத்துவந்தேன். ஏன் படிக்கிறேன் என்று கேட்காதே. நீயும் சாரும் பேசிக்கொள்ளும் ஒன்று எனக்குப் புரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் பக்கத்திலேயே ஒரு விதி: சாவியைத் தபாலில் அனுப்பாதே. இது எனக்குப் புத்தகம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இரண்டாவது பாடம், ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதுவது. ஒரு வரி எழுதி வாண்டுவிடம் கொடுத்தேன். வீட்டுப்பாடத்தை எடுப்பதற்கு முன்பே குறியீட்டை உடைத்துப் படித்துவிட்டாள். “எந்த ஆளைப்பா உங்களுக்குப் பிடிக்கல?” என்று கேட்டாள். கடைக்கு வரும் ஒருவர் என்று சமாளித்தேன்.

எண்பத்தொன்பதையும் தொண்ணூற்றேழையும் பெருக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. எட்டாயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்றைக் கொடுத்து, இது எந்த இரண்டு எண்ணின் பெருக்கம் என்று கேட்டால்? அடுத்த பக்கத்தைப் பார்க்காமல் ஒரு காலைப்பொழுது முழுக்க வகுத்துப் பார்த்தேன். பெரிய பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டால் கணினிக்கே முடியாதாம். சேர்ப்பது சுலபம், சேர்ந்ததைப் பிரிப்பது முடியாத காரியம். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

இன்னொரு பாடத்தில், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் எழுதியவரின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று போட்டிருந்தது. உன் கடைசி ஆறு கடிதங்களை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லாக எண்ணினேன். ‘சார்’ முப்பத்தொன்று. ‘நீங்கள்’ நான்கு, அதிலும் ஒன்று ‘நீங்கள் அனுப்பிய சோப்பு வந்தது’. முன்பு கையால் எழுதுவாய், பக்கத்துக்கு ஒரு ‘சாப்பிட்டீங்களா’ இருக்கும். இப்போது பெரிய ஆபீஸ்காரி, கடிதம்கூட டைப்பில் வருகிறது. ஆறு கடிதத்திலும் ஒரு ‘சாப்பிட்டீங்களா’ இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் கேட்கலாம் என்றால், விடுதியில் கொடுக்கும் பத்து நிமிடத்தையும் வாண்டுவே தின்றுவிடுகிறாள். சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தகரப் பெட்டி வரும். சார் டீ மேஜையில் வைத்துச் சொன்னதாக நீ எழுதிய அதே வித்தைதான். பெட்டியில் என் பூட்டு தொங்கும். நீ அதைத் திறக்க முடியாது, திறக்கவும் வேண்டாம். பக்கத்தில் உன் பூட்டையும் போட்டு எனக்கே திருப்பி அனுப்பு. நான் என் பூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அனுப்புவேன். அப்போது உன் பூட்டு மட்டும் இருக்கும், உன் சாவியால் திறந்துகொள். சாவி எதுவும் பயணம் போகாது, நடுவில் ஒருவனும் எட்டிப் பார்க்க முடியாது. வளையம் இரண்டு பூட்டுக்கு இடம் தருமாறு நானே அடித்தேன். அவர் வாயால் சொன்னார், நான் செய்து காட்டுகிறேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். திறந்த கடிதத்தில் எழுத முடியாதது அதில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் பெட்டிக்காரன்


செவ்வாய்க்கிழமை
வீட்டிலிருந்து

ராங்கிக்கு,

நேற்று பெட்டி வந்தது. இரண்டு பூட்டும் ஜோடியாகத் தொங்கியதைப் பார்த்ததும் கடையில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பக்கத்துக் கடைக் கடிகாரக்காரருக்கு வித்தையை மூன்று முறை விளக்கினேன். அவர் தலையாட்டியது புரிந்து ஆட்டியதா, போய்த் தொலை என்று ஆட்டியதா தெரியவில்லை. அதே சூட்டில் என் பூட்டைக் கழற்றி, தபால் நிலையம் சாத்துவதற்குள் ஓடிப்போய் அனுப்பிவிட்டேன்.

மாலையில் வாண்டு வந்ததும் அவளிடமும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அம்மா பூட்டுல அந்தப் பள்ளம் இருந்துச்சா?”

உன் பூட்டு பித்தளை. அதை வைத்து அவள் பாதாம் கொட்டை உடைத்ததில் மூலையில் விழுந்த பள்ளம். நான் கழற்றும்போது பக்கத்தில் தொங்கியது பளபளவென்று ஒரு எண் பூட்டு. பூட்டைப் பார்த்தே பெட்டிக்குச் சொந்தக்காரனின் குணத்தைச் சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். கண்ணால் பார்த்திருக்கிறேன், மனதில் வாங்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தேன்.

புத்தகத்தை எடுத்தேன். சலித்துப்போய்த் தள்ளிவிட்ட கடைசிப் பாடத்தில் இருக்கிறது. இந்த வித்தையில் ஒரே ஓட்டை, இரண்டாவது பூட்டைப் போட்டது யார் என்று பெட்டியை அனுப்பியவருக்குத் தெரியாது. நடுவில் ஒருவன் பெட்டியை வாங்கித் தன் பூட்டைப் போட்டு அனுப்பினால், நீயே உன் பூட்டைக் கழற்றிப் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிடுவாய் என்று எழுதியிருக்கிறது. கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. மேல்விலாசம் உன் கையெழுத்து இல்லை. ஆட்காட்டி விரல் அளவு உயரமான ‘க’ எல்லாம் நீ போடமாட்டாய். சார் தன் பைக்கு எண் பூட்டு வைத்திருக்கிறார் என்று ஒரு கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய். அந்தத் தாளை அவர் படிப்பாரா? படித்து உன்னிடம் கொடுப்பாரா? இல்லை, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்துச் சிரிப்பீர்களா? பெட்டி ரிப்பேர் செய்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று?

கோபத்தில்தான் எழுதுகிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அது யாருடைய பூட்டு?

வாண்டு நலம். நான் சாப்பிட்டேன், நீ கேட்கவில்லை என்றாலும்.

பெட்டிக்காரன்


ஞாயிற்றுக்கிழமை
வீட்டிலிருந்து

அன்புள்ள ராங்கிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுடையது இல்லை, யாரோ குழந்தை எழுதியது என்று வாண்டு திருப்பிக் கொடுத்தாள். கோடு கோணி, எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நான்கு வரிக்கு ஒரு பக்கம். ஆனால் ‘மண்டு’ என்று ஆரம்பித்திருந்தாய். எழுதியது நீதான் என்பதற்கு எனக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

முழுக் கடிதமும் எனக்கு மனப்பாடம். “மண்டு, படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் ஆகிறது. சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருவீர்கள், குழந்தைக்குத் தேர்வு. நான் சொல்லச் சொல்ல சார்தான் டைப் அடித்தார், அவரை உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டீங்களா என்று எப்படிக் கேட்பது? பூட்டு அவருடையது, இடது கையால் சாவி திருப்ப வரவில்லை, எண்ணை நான் மாற்றிவிட்டுத்தான் போட்டேன், அந்த எண் அவருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, பெட்டியை நானேதான் திறந்தேன்.”

ஆறு கடிதங்களையும் மறுபடி எடுத்து வைத்தேன். முப்பத்தொரு சார். பக்கத்தில் உட்கார்ந்து உனக்காக டைப் அடிக்கிறவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் வேறு என்ன செய்வாய்? எண்ணிக்கை சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன். கணக்கு தெரியாதவனுக்குக் கணக்கு வந்துவிட்டது, மனைவி கை ஒடிந்து கிடந்தது தெரியவில்லை. பைத்தியக்காரன், மன்னித்துக்கொள்.

சாருக்கு என் நன்றியைச் சொல். கொஞ்சமாகச் சொல். உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன், பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. உன் கை முறிந்தது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுப் போடப் போனபோது உன் பையைப் பிடித்துக்கொண்டு யாரோ வெளியே நின்றிருப்பார்கள் இல்லையா, அது அவராக இருக்கும். அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

வாண்டுவிடம் சொன்னேன். அழுதாள், பிறகு அவளும் இடது கையால் உனக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் வைத்திருக்கிறாள். உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று அவளுக்குப் பெருமை.

பெட்டிக்குள் இருந்த தாளைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ‘இரண்டு வருடம் வேண்டாம், வந்துவிடு’ என்று நான் எழுதிய ஒரே வரிதான். அதற்குப் பெட்டியும் பூட்டும் எதற்கு என்று உனக்குத் தோன்றியிருக்கும். முதல் கடிதத்தில் உன் விருப்பம் என்று பெரிய மனிதன் மாதிரி எழுதிவிட்டேன், அதற்கு நேர் எதிரானதைத் திறந்து எழுத வெட்கமாக இருந்தது. இப்போது திறந்தே எழுதிவிட்டேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். டைப் அடித்த கடிதத்திலேயே அது தெரிந்தது. எனக்குப் பதில் எழுத அவசரப்படாதே. எழுதும்போது சார் கையால் வேண்டாம். இடது கையால் எழுது, ஒரு சொல் போதும், எந்தச் சொல்லாக இருந்தாலும் நான் படித்துக்கொள்கிறேன். முறிந்த கையில் கனம் தூக்காதே, ஈரப் படியில் வேகமாக இறங்காதே.

உறையின் அடியில் கனமாக ஒன்று இருக்கும், தவறவிட்டுவிடாதே. நீ கிளம்பிய அன்று கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் போன உன் வீட்டுச் சாவி. முன்கதவுப் பூட்டு மாற்றவில்லை, அதேதான். சாவியைத் தபாலில் அனுப்பாதே என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உன் பெட்டிக்காரன்